அண்டாவில் பிடித்த கண்ணீர்

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், புவனவாயில் நூர் டாக்கீஸின் மாட்னி காட்சியில், செத்துப் பல வருஷமாகிவிட்ட நடிகர் திருவேங்கடத்தின் கண்ணீர் திரையை விட்டு இறங்கித் தரையில் ஓடியபோது, அதை முதலில் உணர்ந்தவள் தரை டிக்கெட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த இட்லிக்கடை அஞ்சலை. அவள் பக்கத்திலிருந்த குழந்தையைச் சந்தேகித்து அதன் முதுகில் ஒன்று வைத்தாள். குழந்தை அலறியது, குழந்தையின் தாய் சண்டைக்கு வந்தாள், சண்டையை விலக்க வந்தவர்கள் வழுக்கினார்கள், வழுக்கியவர்கள் குனிந்து பார்த்தார்கள், ஈரம் வந்த வழியிலேயே கண்ணை ஓட்டி நிமிர்ந்தபோது திரை முழுக்கத் திருவேங்கடத்தின் முகம் விரிந்திருந்தது. அவர் கண்ணில் திரண்ட நீர் கன்னத்தில் உருண்டு, மோவாயில் கொஞ்சம் தயங்கி, படம் முடிந்து துணியின் கறுப்பு ஓரம் தொடங்கும் இடத்தில் நிற்க வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் கீழே இறங்கி, மேடைப் பலகையில் சொட்டிக்கொண்டிருந்தது.

டாக்கீஸ் முதலாளி ஜப்பார் ராவுத்தர் இதற்கெல்லாம் பதறவில்லை. தியேட்டர் நடத்துகிறவர்களுக்கு ஒழுகல் புதிதல்ல. திரைக்கு இடது மூலையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கசிந்து, எத்தனை தரம் சிமெண்டு பூசினாலும் சுவர் நனைந்தேதான் கிடக்கும். இது நடுவிலிருந்து வருகிறதே என்று மட்டும் அவர் நெற்றியைச் சொறிந்தார். பிறகு வீட்டிலிருந்து பிரியாணி அண்டா ஒன்றைக் கொண்டுவரச் சொல்லித் திரைக்குக் கீழே வைத்தார். அவ்வளவுதான்.

படத்தின் பெயர் ‘அவள் ஏற்றிய விளக்கு’. புதுப்படங்கள் பெரிய ஊர்களோடு நின்றுவிட, வீடுகளில் டிவி வந்து உட்கார்ந்துகொள்ள, ராவுத்தர் பழைய பிரதிகளை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் படத்தின் கடைசி ரீலில் மனைவி சாகிறாள், கணவன் அவள் கால்மாட்டில் முகத்தை வைத்து அழுகிறான். அந்த அழுகையை அறியாதவர் புவனவாயிலில் இல்லை. திருவேங்கடம் அந்த ஊர்க்காரர் என்பது ஒரு காரணம். அழுகைக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது இன்னொரு காரணம். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது அவருடைய சொந்த மனைவி ஊரில் இறந்துபோனாள் என்றும், தந்தியைப் படித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவர் போய் நடித்த காட்சிதான் அது என்றும், அதனாலேயே அப்படி அழ முடிந்தது என்றும் அக்காலத்துச் சினிமாப் பத்திரிகைகள் எழுதின. மறுநாள் காலை அவர் காரில் வந்து இறங்கி, மனைவியின் உடலருகே ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் நின்றதற்கும் ஊர் அதையே விளக்கமாக வைத்துக்கொண்டது. “இருந்ததையெல்லாம் அங்கேயே அழுதுட்டு வந்துட்டாரு, பாவம்” என்றார்கள். சம்பளம் வாங்கிய இடத்தில் வேலையை முடித்துவிட்டு வந்த ஆளைப் பற்றிச் சொல்கிற பெருமை அந்தக் குரலில் இருந்தது.

ஆகவே கண்ணீர் வழிந்ததை ஊர் ஓர் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. வர வேண்டியது தாமதமாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தது. ஆடி முடிவதற்குள் அதற்கு ஒரு நடைமுறையும் ஏற்பட்டுவிட்டது. அழுகை வருவது கடைசி ரீலில் என்பதால் யாரும் படத்தின் தொடக்கத்துக்கு வருவதில்லை. இடைவேளை மணி அடித்த பிறகே சோறு உண்டு, கை கழுவி, வெற்றிலை போட்டு, கூட்டமாக வந்தார்கள். முதல் பாதியில் நாற்காலிகளில் புறாக்கள் உட்கார்ந்திருந்தன. பிள்ளை பிறந்த வீட்டார் வந்தார்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள் வந்தார்கள், மாமியாரோடு பேச்சு அற்றவர்கள் வந்தார்கள். நாளடைவில் அண்டாத் தண்ணீரைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிடித்துப் போகிற பழக்கமும் வந்தது. எழவு வீடுகளுக்குப் போகும் பெண்களில் கண் உலர்ந்தவர்களும் உண்டல்லவா. அவர்கள் முந்தானை முடிச்சில் குப்பியை வைத்துக்கொண்டு, கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கும் முன் இரண்டு சொட்டை எடுத்து இமைக்குக் கீழே தடவிக்கொண்டார்கள். நல்ல பிடிப்பான கண்ணீர் அது. சீக்கிரம் காயாது.

இத்தனைக்கும் நடுவே அந்த டாக்கீஸ் பக்கம் எட்டிப் பார்க்காத ஒருத்தி ஊரில் இருந்தாள். அவள் திருவேங்கடத்தின் மகள் பத்மாசனி.

பெண்கள் பள்ளியில் தையல் டீச்சரான பத்மாசனிக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்கு அவள் சொன்ன காரணங்கள் பல. உண்மையான காரணம் ஒன்றுதான், தன் தலையில் அட்சதை விழுவதை அவளால் சகிக்க முடியாது. மற்றவர்கள் கல்யாணத்துக்கும் போவாள், மொய் வைப்பாள், கெட்டிமேளம் கொட்டச் சொல்லும் நேரம் பார்த்து எழுந்து கை கழுவப் போய்விடுவாள்.

அம்மா இறந்தபோது அவளுக்கு எட்டு வயது. நடுக்கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். அப்பா வந்தார். காதுக்குப் பின்னால் பவுடர் கோடு அழியாமல் இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்க அவர் குனிந்தபோது, இடது காதுக்கு மேலிருந்த முடிச்சுருளிலிருந்து ஒரு மஞ்சள் அரிசி நழுவி அம்மாவின் மோவாயில் விழுந்தது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. அட்சதை எங்கே போடுவார்கள் என்று எட்டு வயதுப் பெண்ணுக்குத் தெரியும். அப்பா எங்கேயோ கல்யாணம் செய்துகொண்டு வந்திருக்கிறார் என்று அவள் அந்த நிமிஷமே முடிவு செய்தாள். பின்னாளில் அவருக்கும் அந்தப் படத்தின் கதாநாயகிக்கும் தொடர்பு என்று ஊரில் பேச்சு அடிபட்டபோது அவள் திடுக்கிடக்கூட இல்லை. யாரிடமும் சொன்னதில்லை, தம்பியிடம்கூட.

தம்பி தாமோதரன் அப்போது தவழ்கிற குழந்தை. காரியம் முடிந்து சென்னைக்குப் போன அப்பா பிறகு ஊர்ப்பக்கம் வரவில்லை, அதனால் அப்பா அம்மா இருவரையும் அவனுக்கு நினைவில்லை. அம்மாவுக்குக் கூடத்துச் சுவரில் ஒரு படம் இருந்தது, அப்பாவுக்கு டாக்கீஸில் ஒரு படம் இருந்தது, அவன் இரண்டையும் பார்த்து வளர்ந்தான். மின்வாரிய வேலை, பெண்டாட்டி பிள்ளை என்று ஆன பிறகும் அவனுக்கு ஓர் ஆசை மிச்சமிருந்தது. அம்மா படத்துக்குப் பக்கத்தில் அவன் ஓர் ஆணி அடித்து வைத்திருந்தான். அப்பாவின் படமோ, அவர் இறந்தபின் அது சென்னையிலிருந்து வந்த நாள் முதல் வேட்டித்துணியில் சுற்றி அக்காவின் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. அக்கா சொல்லாமல் அதை மாட்ட அவனுக்குத் துணிச்சல் இல்லை. ஆணியில் காலண்டரை மாட்டினாலும் அவள் எடுத்துவிடுவாள்.

“ஊரே அவர் கண்ணீரைப் பிடிச்சுட்டுப் போவுது. நம்ம வீட்டுல ஆணி வெறுமனே நிக்குதுக்கா.”

“நிக்கட்டும். ஆணி என்ன சோறா கேக்குது?”

“அம்மாவுக்காகத்தானே அழுதிருக்காரு? எல்லாரும் சொல்றாங்கள்ல.”

“யாருக்கு அழுதாருன்னு யாருடா கண்டா? அம்மாவுக்கு அழுதிருந்தா நான் என் கையாலேயே மாட்டுறேன்.”

இப்படி அந்த வீட்டில் ஓர் ஆணியின் வழக்கு தீர்ப்பில்லாமல் நின்றது.

ஊரின் வழக்கு வேறு மாதிரி வளர்ந்தது. ரசிகர் கழகத் தலைவர், ஊர் ‘பேராசிரியர்’ என்று அழைக்கும் கலியபெருமாள், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் விளக்கம் சொல்கிறவர். அழுகைக்குப் பழைய இலக்கணக்காரர்கள் நான்கு காரணம் சொன்னார்கள் என்பார்: இகழப்படுவது, இழப்பது, நிலை தாழ்வது, இல்லாமை. கிளிசரின் என்று ஐந்தாவது ஒன்று வரும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க முடியாது. அதற்கு அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. பட்டணத்திலிருந்து வந்த யாரோ ஒருவன், சினிமாக்காரர்கள் கண்ணில் கிளிசரின் விட்டுக்கொண்டுதான் அழுவார்கள், அது நாக்கில் இனிக்கும் என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டான். அவன் போய்விட்டான், பேச்சு தங்கிவிட்டது. மக்கள் அண்டாவில் விரலை விட்டு நக்கத் தொடங்கினார்கள். உப்பு என்றார்கள் பாதிப் பேர். இனிப்பு என்றார்கள் மீதிப் பேர். வீட்டுக்கு வீடு உப்புக்கட்சி, இனிப்புக்கட்சி என்று பிரிந்தது. உப்புக்கட்சிக்காரன் மகளுக்கு இனிப்புக்கட்சி வீட்டில் பேசி வைத்த சம்பந்தம் நின்றுபோனது.

கடைசியில் பேராசிரியர் நாலு பேரோடு பத்மாசனி வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு வெள்ளிக் கிண்ணம், மேலே வாழையிலை மூடி.

“அம்மா, ரத்த சம்பந்தம் உள்ள நாக்கு பொய் சொல்லாது. நீங்க ஒரு துளி வாயில விட்டுச் சொன்னீங்கன்னா சபை ஏத்துக்கும்.”

“எந்தச் சபை?”

“ரசிகர் கழகம்.”

“ஐயா, எங்கம்மா செத்து முன்னாடி கெடந்தப்போ அந்த மனுஷன் கண்ணு கல்லு மாதிரி இருந்துச்சு. நான் பக்கத்துல நின்னவ. உங்க கிண்ணத்துல இருக்கறதுக்கு நான் எதுக்குச் சாட்சி சொல்லணும்?”

“அது நடிப்புல இருந்து விடுபட முடியாத ஒரு நிலைம்மா. பெரிய கலைஞர்களுக்கு...”

“அப்ப வீட்டுல நின்னது நடிப்பு, படத்துல அழுதது நெசம்ங்கிறீங்க. நல்லாருக்கு. கிண்ணத்தைச் சாய்ச்சுக்காம எடுத்துட்டுப் போங்க, தரை வழுக்கும்.”

அவர்கள் போனதும் தாமோதரன் சாப்பிடாமல் எழுந்து போனான்.

வழக்கை முடித்து வைத்தவை எறும்புகள். அரிசி ஆலை வைத்திருந்த நமச்சிவாயத்தின் தாய் இறந்தபோது, அவர் மனைவி வழக்கம்போல் இமைக்குக் கீழே இரண்டு சொட்டுத் தடவிக்கொண்டு, பிணத்தின் தலைமாட்டில் மாரடித்துக்கொண்டிருந்தாள். அப்போது தரையிலிருந்து ஒரு சாரை எறும்பு புறப்பட்டது. பிணத்துக்கு வாயில் போட்டிருந்த அரிசியை அது சீந்தவில்லை. மருமகளின் மடியில் ஏறி, கழுத்தில் ஏறி, இரு கன்னத்திலும் வரிசையாக நின்றது. அவள் ஒப்பாரியை நிறுத்த முடியாமலும் தட்டிவிட முடியாமலும் அந்த நிலையிலேயே உட்கார்ந்திருந்ததை ஊர் முழுக்கப் பார்த்தது. அதற்கு மேல் யாரும் நாக்கை நீட்ட வேண்டியிருக்கவில்லை. அன்று மாலை டாக்கீஸுக்குப் போய்ப் பார்த்தார்கள். பிரியாணி அண்டாவின் விளிம்பிலும் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

ஏமாந்துவிட்டோம் என்ற துக்கம், செத்துவிட்டார் என்ற துக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. ரசிகர் கழகத்துப் பெயர்ப்பலகையை இறக்கினார்கள். அந்த அழுகையைப் பார்த்துத் தாங்கள் அழுததையெல்லாம் திருப்பித் தர வேண்டும் என்பதுபோல் கிழவிகள் திரையைப் பார்த்து வைதார்கள். கண்ணீர் என்னவோ வழக்கம்போல் ஒவ்வொரு காட்சியிலும் வழிந்தது, ஆள்தான் வரவில்லை. ராவுத்தர் டாக்கீஸைக் கல்யாண மண்டபமாக மாற்றுவதற்கு ஆளிடம் பேசிவிட்டார்.

ஒரு மத்தியானம் பத்மாசனி பள்ளியிலிருந்து வந்தபோது, தாமோதரன் ஸ்டூல் மேல் ஏறி நின்று, குறட்டால் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவன் கண் சிவந்திருந்தது.

“என்னடா பண்றே?”

“நீ சொன்னது சரிதான்க்கா. எங்கயும் அழலை. அம்மாவுக்கும் அழலை, அந்த நடிகைக்கும் அழலை. எறும்புத் தீனிக்கா நாப்பது வருஷமா நான் அப்பான்னு சொல்லிட்டு இருந்தேன்?”

தான் ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. அந்த ஜெயம் வாயில் வைக்க முடியாதபடி இருந்தது. “ஆணியை விடு. சுவரு பேந்துடும்” என்றாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் டாக்கீஸுக்குப் போனாள். எந்த முகத்தோடு பொய்யாக அழுதார் என்பதைத் திரையை எடுத்து மடிப்பதற்குள் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணம் இல்லை.

சினிமா பார்த்துப் பழக்கமில்லாதவள் ஆனதால், அவள் செய்யக்கூடிய ஒரே தவறைச் செய்தாள்: டிக்கெட்டில் போட்டிருந்த நேரத்துக்கே வந்து உட்கார்ந்தாள்.

“பத்மா புள்ளையா?” என்றார் ராவுத்தர். “அழுகை இடைவேளைக்கு அப்புறந்தான் தாயி. இப்பவே எதுக்கு?”

“பரவால்ல பாய். ஓட்டுங்க.”

அவளுக்காகவும் புறாக்களுக்காகவும் படம் ஓடியது. பெயர்கள் வந்தன, ஒரு கிராமம் வந்தது, இளைத்த, இளமையான ஓர் அப்பா சைக்கிளில் வந்தார். மனிதர் சுமாராகத்தான் நடித்தார். கோபப்பட்டால் மூக்கை மட்டும் விடைத்தார், யோசிக்க வேண்டுமென்றால் மோவாயில் கை வைத்தார். பத்மாசனி அதையெல்லாம் கறுவிக்கொண்டு குறித்துக்கொண்டாள். இரண்டாவது ரீலோ மூன்றாவதோ, நாயனம் கேட்டது. பந்தல். குத்துவிளக்கு. நடுவில் கதாநாயகி தலை குனிந்திருந்தாள். திரையின் இடது ஓரத்தில் மாப்பிள்ளைக் கோலத்தில் அப்பா.

பத்மாசனி கை கழுவ எழுந்தாள். எழுந்தவள் போகவில்லை.

கெட்டிமேளம் கொட்டியது. நாலா பக்கத்திலிருந்தும் அட்சதை விழுந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அரிசி மஞ்சளாகத் தெரியாது, அவளுக்குத் தெரிந்தது. ஒரு மணி அப்பாவின் இடது காதுக்கு மேலிருந்த சுருளில் போய்ச் சிக்கிக்கொண்டது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. தலையைச் சற்றே பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

நல்ல சிரிப்பு அது. மூக்கு விடைக்கவில்லை, மோவாயைக் கை தேடவில்லை. புதுப்பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எவனும் அப்படித்தான் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பற்றி எந்தப் பத்திரிகையும் ஒரு வரி எழுதியதில்லை, எந்த டீக்கடையிலும் யாரும் அதைச் சந்தேகித்ததில்லை. அழுகையை ஆயிரம் பேர் உரசிப் பார்த்த ஊரில், அதை யாருக்கும் நடிப்பென்றே தோன்றியிருக்கவில்லை. பத்மாசனிக்கே ஒரு கணம் உதடு விரியப் பார்த்தது.

அப்போது துணி நனைந்தது. சிரிக்கிற முகத்தில் கண் உலர்ந்தே இருந்தது. கண்ணுக்குக் கீழே திரைத்துணி மட்டும் கறுத்து, ஊறி, ஈரம் இடது மூலைச் சுவர் வழியாகச் சத்தமில்லாமல் இறங்கியது. அவள் மேடைப் பக்கம் போனாள். நாயனம் தலைக்கு மேல் வாசித்துக்கொண்டிருக்க, சுவரில் விரலை வைத்து நாக்கில் வைத்தாள். உப்பு. கரித்து, நாக்கை இழுத்துப் பிடிக்கிற உப்பு. அந்தச் சுவரில் ஓர் எறும்பு இல்லை.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் யாரையும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்தப் பந்தலிலிருந்துதான் புறப்பட்டு, தலையைக்கூட உதறாமல் வந்திருக்கிறார். தந்தி வந்தது அழுகைக் காட்சிக்கு அல்ல, இதற்கு. பத்திரிகைக்காரர்களுக்கு எது பொருத்தமோ அதை எழுதிக்கொண்டார்கள். இத்தனை வருஷமாகச் சுமந்த ஒரு பெண்ணும் ஒரு கல்யாணமும் இல்லாமலே போய்விட்டதில் அவளுக்கு உடம்பு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஏனென்றால் அந்த உப்பு இன்னொன்றையும் சொன்னது: தெரிந்திருக்கிறது. சட்டைப்பையில் தந்தி இருந்திருக்கிறது. அம்மா கிடக்கிறாள் என்று தெரிந்துகொண்டு, விளக்கைப் போடு என்றதும், ஒருவரும் சந்தேகப்பட முடியாதபடி அவர் சிரித்திருக்கிறார்.

ராவுத்தர் டார்ச்சோடு வந்தார். “என்ன புள்ள, மயக்கமா?”

“இந்த மூலை எப்பவும் இப்படித்தானா பாய்?”

“அதுவா? தொட்டிக் கசிவு. எங்க வாப்பா காலத்துல இந்தப் படம் முதமுதலா வந்தப்பவே ஆரம்பிச்சது. எத்தனை தரம் பூசியாச்சு.”

“தொட்டித் தண்ணி உப்பா?”

“நம்ம ஊர் தண்ணியா? ஆத்துத் தண்ணி, இளநி மாதிரி இருக்கும்.”

“அப்ப இதைத் தொட்டு வாயில வைங்க.”

வைத்தார். டார்ச்சை அணைத்தார். திரையில் கல்யாண விருந்து நடந்துகொண்டிருந்தது. “கலியபெருமாள்ட்ட சொல்லணுமா?” என்று கேட்டார்.

“சொன்னா இங்கயும் அண்டா வைப்பாங்க.”

“நான் சொல்லலை” என்றார் ராவுத்தர்.

இடைவேளை மணி அடித்தபோது பத்மாசனி எழுந்து வெளியே வந்தாள். அந்தப் புகழ்பெற்ற அழுகையை அவள் கடைசிவரை பார்க்கவே இல்லை.

வீட்டில் தாமோதரன் ஆணியைப் பாதி பிடுங்கி விட்டிருந்தான். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து படத்தை இழுத்தாள், துணியைப் பிரித்தாள், கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். ஸ்டூல் மேல் ஏறி, குழவிக்கல்லால் ஆணியை இரண்டு தட்டுத் தட்டி உள்ளே இறக்கினாள்.

“அக்கா! உப்பா?”

“உப்புதான். ஆனா நீங்கள்லாம் நக்குன எடத்துல இல்ல.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள், மோவாயில் விழுந்த அரிசி உட்பட. தாமோதரன் விம்மி விம்மி அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப மன்னிச்சுட்டியாக்கா?” என்றான்.

“மாட்டுறேன்னு சொன்னேன், மாட்டுறேன். மன்னிக்கிறேன்னு எப்படா சொன்னேன்?” என்றாள் பத்மாசனி. படத்தை மாட்டி, கோணலை நிமிர்த்தி, இறங்கினாள்.

டாக்கீஸ் கல்யாண மண்டபமானது. இடது மூலை ஈரம் நிற்காததால் மணவறையை வலப்பக்கம் தள்ளிப் போட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தான். கூடத்துச் சுவரில் அம்மா படத்துக்குக் கீழே சுத்தமாக இருந்தது; அப்பா படத்துக்குக் கீழே காரை பொரிந்து, தரைவரைக்கும் வெள்ளையாகப் பூத்திருந்தது.

“சுவர் உவரடிச்சு உப்புப் பூத்துப் போச்சும்மா. சுரண்டி எடுத்துட்டுப் பூசணும்” என்றான்.

பத்மாசனி கிட்டே போய் அந்த வெண்மையில் விரலை வைத்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“அதை விட்டுட்டு மத்ததை அடிப்பா” என்றாள்.